பின் சுவரோர மதகு

மார்ச் 9, ஞாயிறு

அக்கா குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனோம். என் மகள் அலையை விட்டு வெளியே வர மாட்டேன் என்று ஒரே அடம். அக்கா மகளும் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். அத்தான் எட்டிப் பிடித்துவிட்டார். "சளி பிடிக்கும், வேணாம்."

இந்த வெயிலிலா?

நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்து இதே கடலில் விடுகிற நிலையத்துக்கு அவர்தான் மேலாளர். நான் அங்கே லேப்பில் இருக்கிறேன். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரியுமோ?

சே, என்ன புத்தி இது.

மார்ச் 12, புதன்

மகளுக்குக் காதில் சீழ். "கடல்ல குளிச்சாளா?" — டாக்டர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார். இதே தொல்லையோடு நிறையப் பேர் வருகிறார்களாம்.

மார்ச் 13, வியாழன்

வேலைக்குப் போகிற வழியில் கடல் நீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் சோதனையில் எப்போதும் சுத்தம். தினமும் அதைப் பிடித்துத் தருகிறவர் மீசைக்கார ஆபரேட்டர். குழாய்த் தண்ணீரை நிரப்பி என் தலையில் கட்டுகிறாரோ?

மார்ச் 14, வெள்ளி

லேப்பில் கடல் நீரை விட்டு வைத்த சோதனைத் தட்டு முழுக்கக் கிருமி. எண்ணவே முடியவில்லை.

மீசைக்காரர் பின்னாலேயே போனேன். கடைசித் தொட்டியில் முறையாகத்தான் பிடித்தார். திரும்பிப் பார்த்து, "என்னம்மா, சந்தேகமா?" என்று சிரித்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்படியானால் கடலுக்குள் அழுக்கு எந்த வழியாகப் போகிறது?

மார்ச் 17, திங்கள்

பின் சுவரோரம் ஒரு பழைய மதகு. வெள்ளக் காலத்துக்கென்று வைத்தது. அதைத் திறந்தால் சாக்கடை தொட்டிகளுக்கு வராமல் நேரே கடலுக்குப் போய்விடும். திறந்தே பல வருடம் ஆகிறது என்பார்கள். இன்று போய்ப் பார்த்தேன்.

மதகைத் திருகித் திறக்கும் சக்கரம் துருப்பிடித்திருக்க வேண்டும்; அதில் புது கிரீஸ். காதை வைத்தேன். உள்ளே சாக்கடை ஓடுகிற சத்தம்.

சாவி அத்தானிடம் மட்டும்தான்.

மார்ச் 18, செவ்வாய்

அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். மறுக்கவில்லை.

"ரெண்டு பம்பு படுத்துடுச்சு. மேலிடத்துல சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். மதகைத் திறக்கலைன்னா வீடுகளுக்குள்ள சாக்கடை ஏறும். நான் என்னதான் பண்ணட்டும்?"

"கடல்ல இறங்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தான்."

"சொன்னா விஷயம் வெளியே போயிடும்."

"அதான் உங்க பொண்ணை மட்டும் பிடிச்சு இழுத்தீங்களா?"



மார்ச் 19, புதன்

கடலோரக் கண்காணிப்பு அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா போனில் கத்தினாள்: "என் குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்திட்டியேடி!"

நான் வேற என்ன பண்ணியிருக்கணும்? என் பொண்ணு வலியில துடிக்கிறா — அவளும் உன் மடியில வளந்தவதானே அக்கா?

மார்ச் 21, வெள்ளி

கடற்கரையில் 'நீரில் இறங்காதீர்' பலகை நட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

புது பம்புகள் ஓடுகின்றன. மதகுக்குச் சீல். கடல் நீர் சோதனையில் தேறிவிட்டது, பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். அத்தானை வேறு ஊருக்கு, சின்னப் பொறுப்புக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்று அக்கா போன் செய்தாள்.

"அவரு இப்பதான்டி நிம்மதியா தூங்குறாரு," என்றாள். "அதுக்காக உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே."

வைத்துவிட்டாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.