புள்ளி வாசலிலேயே நிற்கிறது

மார்ச் 16, திங்கள்

காலையிலேயே வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் மார்ச்சே இப்படி என்றால் மே மாதத்தை நினைக்காமல் இருப்பது நல்லது.

இன்றைய வேலைகள்: அப்பாவின் சர்க்கரை மாத்திரை. கேஸ் புக்கிங். செருப்பு தைப்பவர்.

மூன்றாவது மட்டும் முடிந்தது. அப்பாவின் வலது செருப்பில் குதிகால் பக்கம் கீறி, டிராக்கரை உள்ளே வைத்துத் தைத்தாயிற்று. எட்டணாக் காசு அளவுதான்.

"என்னம்மா இது, பேட்டரியா?"

"அப்பா எங்க இருக்கார்னு போன்ல காட்டும்ங்க."

"அட. காலுக்குள்ள போலீஸ்," என்றார்.

போன மாதம் அப்பா கோயிலுக்கு என்று போனவர் சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தார். எந்த பஸ், ஏன், எதுவும் தெரியவில்லை. மறதி கூடிக்கொண்டே போகிறது. அண்ணன் கைலாசபுரத்திலிருந்து வந்து, டீ கூடக் குடிக்காமல் சொன்னான்: "இன்னொரு தடவை தொலைஞ்சா ஹோம்தான் மாலா. இல்லைன்னா வெளிய பூட்டிட்டு வேலைக்குப் போ."

இரண்டும் முடியாது என்றேன். அம்மா போனபின் அப்பாவுக்கு மிச்சம் இருப்பது நடை ஒன்றுதான். பதினொரு மணிக்குக் கோயில். ஒரு மணிக்கு வீடு, சாப்பாடு. நான் ஆபீஸில் இருப்பதால் பக்கத்து வீட்டு லலிதாம்மா பரிமாறுவார். அதையும் பிடுங்கிக்கொண்டு ஒரு அறையில் பூட்டினால், அவர் எதற்கு இருக்கிறார்?

வாட்சைக் கழற்றி எறிகிறார். போனை ஃப்ரிட்ஜில் வைக்கிறார். செருப்பை மட்டும் மறந்ததே இல்லை. அதனால் செருப்பு.

போனில் வேலியும் போட்டுவிட்டேன். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். தாண்டினால் மணி அடிக்கும். ஆபீஸில் தினம் செய்கிற வேலைதான்.

மார்ச் 18, புதன்

வெளியே அனல், ஆபீஸில் ஸ்வெட்டர். எடமலைப்பட்டி புதூர் மாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து ஐரோப்பாவில் ஒரு மலையின் பனியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் யார் நம்புவார்கள். கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர் வேலை" என்று முடித்துவிடுகிறேன்.

அங்கே ஜனங்கள் பனியில் சறுக்கி விளையாடுகிற சரிவுகளை ராத்திரியில் வண்டிகள் சமன் செய்யும். ஒவ்வொரு வண்டிக்கும் தலையில் ஆன்டெனா. அடியில் எத்தனை பனி என்று அளந்துகொண்டே போகும். பனி அதிகம் இருந்தால் என் திரையில் நீலம், குறைந்தால் சிவப்பு. நீலத்திலிருந்து தள்ளிச் சிவப்பில் போடச் சொல்லி மலையில் வண்டிகளுக்குப் பொறுப்பான ரேத்தோவுக்கு வரைபடம் அனுப்புவேன். நான் பார்த்த பனி ஃப்ரிட்ஜ் ஃப்ரீசரில் படிவதுதான்.

அப்பா ஒருமுறை கேட்டார்: "பனியை எதுக்கும்மா அளக்கணும்?"

"சறுக்கறவங்க கல்லுல மோதிக்கக் கூடாதில்லப்பா."

"அப்ப நீ ரோடு இன்ஸ்பெக்டர்." பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். யாருக்கும் ஒரு பதவி கொடுத்துவிட்டால்தான் அவருக்கு நிம்மதி.

கீழ்ச்சரிவு முழுக்கச் சிவப்பு. சீசனை முன்கூட்டியே முடித்துவிடுவார்கள் போல.

டிராக்கர் நன்றாக வேலை செய்கிறது. பதினொன்றுக்குப் புள்ளி தெருவில் நகர்ந்தது. கோயில் வாசலில் ஒரு மணி நேரம் நின்றது. திரும்ப வீட்டுக்கு வந்தது. அண்ணனுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். பதில் இல்லை. இருக்கட்டும்.

மார்ச் 20, வெள்ளி

இன்று சிரித்து வயிறு வலித்தது. எழுதி வைக்கிறேன், இப்போதெல்லாம் அடிக்கடி நடப்பதில்லை.

மலையில் சாயங்காலம் சரிவை மூடும் நேரம்; நமக்கு ராத்திரி, வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். காவல் ஆட்கள் வரிசையாகச் சறுக்கிக்கொண்டே இறங்கி, யாரும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டு, கீழே வந்து ஒவ்வொருவராக வயர்லெஸ்ஸில் பேர் சொல்வார்கள். எல்லாப் பேரும் காதில் விழுந்த பிறகுதான் நான் சரிவை "மூடியது" என்று மாற்றலாம். அதற்கப்புறம்தான் வண்டி ஏறும். செங்குத்தான இடத்தில் வண்டியை இரும்புக் கயிற்றில் கட்டித்தான் இறக்குவார்கள். இருட்டில் அந்தக் கயிறு தெரியாது, யாராவது குறுக்கே வந்தால் உயிர் போய்விடும்.

பேர் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் திரையில் ஒரு புள்ளி சரிவு ஓரத்திலேயே நிற்கிறது. காலில் மாட்டிக்கொள்ளும் வாடகைச் சறுக்குக் கட்டைகளில் பொருத்தியிருக்கும் டிராக்கர். ஆள் விழுந்து கிடக்கிறாரோ என்று ரேத்தோவைக் கூப்பிட்டேன். அவர் ஆள் அனுப்பினார். கடைசியில் பார்த்தால் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் கட்டைகளைக் குத்தி வைத்துவிட்டு, அந்த மனுஷன் உள்ளே தின்று குடித்து, வேறு வழியாக ரோப் காரில் இறங்கிப் போய்விட்டாராம். நம் ஊரில் செருப்பை வெளியே விட்டு உள்ளே போகிற மாதிரிதான் அவர்களுக்கும்.

ரேத்தோ சொன்னார், புள்ளி கட்டையைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது, ஆளுக்குக் குரல்தான் கணக்கு என்று. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சொல்கிறார்.

தக்காளி விலை ஏறிவிட்டது. லலிதாம்மாவுக்கு ஒரு புடவை எடுக்க வேண்டும்.

மார்ச் 24, செவ்வாய்

எழுத முடியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மதியம் லலிதாம்மா போன். "அப்பா இன்னும் வரலைங்களே மாலா. போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

போனைத் திறந்தேன். புள்ளி கோயில் வாசலில்.

"கோயில்லதான் இருக்கார் லலிதாம்மா. எங்கயாவது நிழல்ல உக்காந்திருப்பார். இந்த வெயில்ல நீங்க அலையாதீங்க."

நான்தான் சொன்னேன். அலையாதீங்க என்று.

மறுபடி பார்த்தேன், வாசலில். டீ குடித்துவிட்டுப் பார்த்தேன், வாசலில். வேலி தாண்டவில்லை, மணி அடிக்கவில்லை. கீழ்ச்சரிவுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். மனம் நிம்மதியாக இருந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நாலு மணி தாண்டி லலிதாம்மா நான் சொன்னதைக் கேட்காமல் கோயிலுக்கே போய்விட்டார். அங்கிருந்து போன். "செருப்பு மட்டும் இருக்கு மாலா. ஸ்டாண்ட்ல பத்திரமா இருக்கு. அப்பா இல்ல."

கோயிலுக்குள் செருப்போடு யார் போவார்கள். பிறந்ததிலிருந்து தெரியும். எந்த வாசலிலும் நின்று கழற்றாமல் என் கால் உள்ளே போனதில்லை. இரண்டு பக்கம் முன்னால் நானே சிரித்துக்கொண்டு எழுதியும் வைத்திருக்கிறேன்.

அப்பா ஒரு வாசலில் போய் வேறொரு வாசலில் வெளியே வந்திருக்கிறார். வெறுங்காலோடு.

கண்டுபிடித்தது அண்ணன். படமும் இல்லாமல் புள்ளியும் இல்லாமல், பைக்கை எடுத்துக்கொண்டு நேரே பொன்மலை ரோட்டுக்குப் போயிருக்கிறான். பட்டறைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி அவ்வளவு தூரமும், தார் உருகுகிற வெயிலில் நடந்திருக்கிறார். "ஷிஃப்டுக்கு லேட்டாயிடுச்சு, நீ ஏன் இங்க வந்தே?" என்றாராம் அண்ணனிடம்.

"எப்படிண்ணா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அவரு வேற எங்க போவாரு," என்றான்.

மார்ச் 25, புதன்

ஆஸ்பத்திரி. இரண்டு உள்ளங்காலும் வெந்துவிட்டன. வலது மோசம், தோல் மொத்தமாகக் கழன்றிருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிடுமாம். சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை என்றார் டாக்டர். அதை ஆறுதலாகச் சொன்னாரா, குற்றமாகச் சொன்னாரா, தெரியவில்லை.

கொண்டு வர வேண்டியது: வேட்டி 2, பிளாஸ்க், சீப்பு, பழைய சர்க்கரை ரிப்போர்ட், அவருடைய தலையணை.

வலது கை முஷ்டியைத் திறக்கவே மாட்டேன் என்கிறார். நர்ஸ் விரலைப் பிரித்துப் பார்த்தார். செருப்பு ஸ்டாண்ட் டோக்கன், பிளாஸ்டிக். அத்தனை தூரமும் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறார். என்னைப் பார்த்தும் கொடுக்கவில்லை.

அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வராண்டாவில் பக்கத்தில் உட்கார்ந்து, இட்லிப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினான்.

மார்ச் 29, ஞாயிறு

காய்ச்சல் இறங்கவில்லை. வலது கால் கருக்கிறது. நாற்றம். ஊதுவத்தி ஏற்றலாமா என்று கேட்டேன், கூடாதாம்.

லீவு கேட்க ரேத்தோவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். உன் மலையை நான் பார்த்துக்கொள்கிறேன் மாலா, நீ அப்பா பக்கத்தில் இரு என்றார். என் மலையாம். அப்போதுதான் அழுதேன், ஆஸ்பத்திரி மாடிப்படியில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க.

ஏப்ரல் 2, வியாழன்

எடுத்துவிட்டார்கள். வலது பாதம், கணுக்காலோடு. விட்டால் முழங்கால், அதையும் விட்டால் உயிர் என்றார்கள். சரி என்று சொன்னது நான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்துக்கொள்ளும் அம்மா யாரிடமோ போனில்: "பொண்ணு நல்லாத்தாங்க பாத்துக்குது."

இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

மலையில் சீசன் முடிந்தது. ரேத்தோ படம் அனுப்பியிருந்தார். வண்டிகள் எல்லாம் கொட்டகையில் வரிசையாக நிற்கின்றன, கீழ்ச்சரிவில் புல் தெரிகிறது. அழகாகத்தான் இருக்கிறது.

அண்ணனிடம் ஹோம் பற்றிக் கேட்டேன். எதற்குக் கேட்டேனோ.

"இனிமே எதுக்கு மாலா. எங்க போகப்போறாரு?"

குத்திக்காட்டவில்லை அவன். சும்மா, உள்ளதைச் சொன்னான். பூட்டக் கூடாது, ஹோம் கூடாது, அவர் நடக்கட்டும் என்று நின்றவள் நான். என் கையாலேயே ஆயிற்று.

போனில் இன்னும் புள்ளி கோயில் வாசலில். அழிக்க மனம் வரவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் செருப்பு ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே இருக்கும் அம்மா தனியாக ஒரு பையில் போட்டு மேலே மாட்டி வைத்திருந்தார்.

"டோக்கன் கொண்டு வந்தீங்களா?"

"அப்பாகிட்ட இருக்குங்க. தரமாட்டேங்கறார்."

"ஐயாவோடதா? அப்ப இருக்கட்டும்மா. அவரே வந்து வாங்கிக்குவாரு. தினம் 'பாப்பா, பாத்துக்க' ன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போவாரு. நல்லா இருக்காருல்ல?"

"நல்லா இருக்கார்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 11, சனி

லேசாகத் தூறி நின்றது. மண் வாசனை வார்டு வரைக்கும் வந்தது.

அப்பா தெளிவாக இருக்கிறார். ரெண்டு இட்லி சாப்பிட்டார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், இந்த வாரத்தில் முதல் தடவை. ஷேவ் பண்ணிவிட்டேன். போர்வையைக் காலில் சரியாக இழுத்துவிட்டேன். அவர் கீழே பார்ப்பதே இல்லை, யாரும் இன்னும் சொல்லவும் இல்லை.

மத்தியானம் தானாகவே முஷ்டியைத் திறந்து டோக்கனை என் கையில் வைத்தார். வியர்வையில் சூடாக இருந்தது.

"கோயில்ல செருப்பை விட்டுட்டு வந்துட்டேம்மா. போய் எடுத்துட்டு வா. கிளம்பணும்."

"சரிப்பா."

வாசல் வரைக்கும் போனவளைத் திரும்பக் கூப்பிட்டார்.

"மாலா, ரெண்டும் நம்மளுதுதானான்னு பாத்து எடு. போன தடவை ஒண்ணு மாறிப்போச்சு."