இடது பக்கம் ஏறியிருக்கு

மார்ச் 3

செடிவேலி தெருவுக்குள் நீண்டு, போகிறவர்கள் தோளை உரசுகிறது. பக்கத்து வீட்டம்மா இரண்டு முறை சொல்லிவிட்டார். முப்பத்தோரு வருடமாக என் வீட்டுக்காரர்தான் வெட்டினார். வேலி வெட்டும் மிஷினை நான் தொட்டாலே, "கையை வெட்டிக்குவே, போய் உள்ள வேலையப் பாரு" என்பார். அவருக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம். இனி யார் வெட்டுவதாம்?

மார்ச் 5

கையுறை, கண்ணாடி, ஷூ. வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டேன் — இல்லையென்றால் கிளையோடு அதையும் வெட்டிவிடும். இரண்டு முனையிலும் குச்சி நட்டு, நூல் கட்டி, அது சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, நூலை ஒட்டியே வெட்டினேன். அடி சற்று அகலம், மேலே ஒடுக்கம். அப்போதுதான் கீழ் இலைக்கும் வெயில் படும். மூன்று மணி நேரம். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ஜன்னலோர நாற்காலியிலிருந்து பார்த்தார். "இடது பக்கம் ஏறியிருக்கு."

அவ்வளவுதான்.

மார்ச் 6

மறுபடி நூல் கட்டிப் பார்த்தேன். ஓர் இலைகூடப் பிசகவில்லை. "கண்ணை எங்க வச்சிருந்தே?" என்கிறார்.

என்னைக்குத்தான் நான் செஞ்சது நல்லா இருந்துச்சு? கல்யாணமான வாரம் மடிச்சு வச்ச சட்டையிலேருந்து இதே பாட்டுதான். நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை — சொன்னா வாய் வலிக்குமா?

மார்ச் 9

மாத்திரையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 12

அவருக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண், கையில் ஒரு கம்பைக் கொடுத்து, "நேரா நிறுத்துங்க சார்" என்றாள். சாய்த்துப் பிடித்தார்.

"இது நேராவா இருக்கு?" என்றேன்.

"பின்ன? உனக்குக் கண்ணு தெரியலையா?"

வாசலில் வைத்து அவள் என்னிடம் சொன்னாள்: "வீம்பு இல்லம்மா. அவருக்கு எல்லாமே அப்படிச் சாஞ்சுதான் தெரியுது. சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது."

நான்கு மாதத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. மீதி முப்பத்தோரு வருடத்துக்கு?

மார்ச் 20

நாள் முழுக்க வேலியையே பார்க்கிறார். சாப்பாடு இறங்கவில்லை. "நானே போய் சரி பண்றேன்" என்று இரண்டு தடவை எழுந்தார். இரண்டாம் தடவை விழுந்தார். தூக்கி உட்கார வைக்கும்போதும் கண் அங்கேதான்.

மார்ச் 21

இடது முனையில் நூலை அவிழ்த்தேன். ரசமட்டத்தை வெளியே எடுக்கவில்லை. ஜன்னலிலிருந்து அவர் சொல்லச் சொல்ல இறக்கினேன். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும்." ஒரு சாண் இறங்கியிருந்தது. வெட்டினேன்.

உள்ளே வந்து கையுறையைக் கழற்றும்போது சொன்னார்: "இப்பத்தான் நேரா இருக்கு. பரவாயில்லையே, கத்துக்கிட்டே."

தட்டை வழித்துச் சாப்பிட்டார். நான் பின்கட்டில் போய் அழுதேன். கிடைத்த ஒரு வார்த்தையும் கோணலுக்குத்தானா?

மார்ச் 22

பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று பார்த்தார். "என்னங்க, வேலி இப்படிக் கோணிக்கிட்டு இருக்கு? முன்ன அழகா இருந்துச்சே."

நல்லவேளை, ஜன்னல் சாத்தியிருந்தது.

"எனக்கு வெட்ட வராதுங்க," என்றேன். "இதெல்லாம் அவர் கைக்குத்தான் வரும்."