சிவப்பு நூல் கட்டிய சப்பாத்து

ஏப்ரல் 9, வியாழன். மொன்றியல்

பனி கரைகிறது. ரொக்ஸ்பரோ வீட்டுப் படியெல்லாம் சேறு. இருமுறை கழுவினேன்.

வாசுகிக்கு ரஷ்யாவுக்குப் பக்கத்தில், தாலின் என்ற ஊரில் அலுவலகக் கூட்டம். போன மாதம் எனக்கு நெஞ்சுவலி வந்ததிலிருந்து தனியே விட்டுப் போக மாட்டாள். "நீங்களும் வாங்கோ அப்பா. பழைய ஊராம், கோட்டை மதிலெல்லாம் இருக்காம். நல்ல வடிவாம்."

அந்த ஊரில் ஒரு பனிக்காலம் நான் ஒளித்துக் கிடந்தது மகளுக்குத் தெரியாது. ரஷ்யாப் பக்கத்தால் வந்தேன் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கொண்டு போக: நெஞ்சு மாத்திரை, சீனி மாத்திரை, கம்பளிக் காலுறை 2 சோடி, விபூதி, இந்தக் கொப்பி.

இரண்டாம் வகுப்போடு நின்றவன். ஒரு பக்கம் எழுத அரை நாள். வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

தூறல். கு. வந்தான். குணம் என்று முழுப் பெயரை எழுதக் கூச்சம், கு. போதும். வெள்ளிதோறும் லொங்குய்யிலிருந்து ஆறு தாண்டி வந்து என்னைக் கோயிலுக்கு ஏற்றிப் போகிறான்.

"எங்கையண்ணை பயணம்?"

"தாலின்."

விளக்கு பச்சையானது. கார் நகரவில்லை. பின்னாலிருந்தவன் ஹோர்ன் அடித்தான்.

"அங்கை என்னத்தை விட்டிட்டு வந்தனீங்கள், எடுக்கப் போறியள்?" சிரித்தான். பிறகு: "நல்ல சப்பாத்தாப் போட்டுக்கொண்டு போங்கோ. அந்தக் கல் ரோட்டு வழுக்கும்."

கோயில் வாசலில் வாங்குப் பலகையில் குந்தியிருந்துதான் அவன் சப்பாத்துக் கழற்றுவான். இடது காலில் இரண்டு விரல் இல்லை. நான் சுவரைப் பார்த்தேன். எப்போதும் சுவரைத்தான் பார்ப்பேன்.

ஏப்ரல் 13, திங்கள். தாலின்

வெயில், ஆனால் சூடில்லை. கால் வீக்கம்.

அன்று கரி பிடித்துக் கிடந்த வீடுகளுக்கு இன்று மஞ்சளும் ரோசாவும் பூசியிருக்கிறார்கள். சிவப்பு ஓடு, கூம்புக் கோபுரம். பழங்காலத்து உடுப்புப் போட்ட பெட்டை ஒருத்தி சீனியில் பாதாம் வறுத்து விற்கிறாள். வாசுகி படம் எடுத்தாள்.

"சிரியுங்கோ அப்பா. ஏன் களவெடுத்த ஆள் மாதிரி நிக்கிறியள்?"

எழுதிவிடுகிறேன். நானும் கு.வும் இங்கே ஒரு நிலவறையில் இருந்தோம். எங்களைச் சுவீடனுக்குக் கொண்டுபோக களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் வான் வண்டி வரவேண்டும். இரண்டு பேருக்கும் பனிக்குப் போடக்கூடிய சப்பாத்து ஒரே சோடி. அது கு.வுடையது. இடது லேஸ் அறுந்து, சிவப்புக் கம்பளி நூல் கோத்திருந்தான். வெளியே போகிறவன் அதைப் போடுவான். மற்றவன் றப்பர் செருப்போடு உள்ளே. நிலத்தோடு ஒரு சின்ன யன்னல். அதில் ஆட்களின் கால் மட்டும் தெரியும். "இது பொலிஸ். இது தபால்காரன். இது காதலிக்குக் காத்து நிக்கிறவன்." கால் பார்த்து ஆள் சொல்வது எங்கள் பொழுதுபோக்கு.

ஒருநாள் கடைக்குப் பாண் வாங்கப் போவது அவன் முறை. அவனுக்குக் காய்ச்சல். நான் போனேன். "கெதியா வாறன்" என்றேன். வான் நின்றது. "ஒரு இடந்தான் இருக்கு. இப்ப ஏறு" என்றான் ஏஜென்சிக்காரன். போய்ச் சொல்லிவிட்டு வர நூறு எண்ணும் நேரம் போதும். நான் ஏறினேன். அவன் சப்பாத்தோடு.

அவன் மிச்சப் பனிக்காலத்தையும் செருப்போடு கழித்தான். பின்னாளில் மொன்றியலில் கண்டபோது, என்னைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதென்று சொன்னேன். "விடுங்கோ அண்ணை" என்றான். அவ்வளவுதான்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப்பிறப்பு. மருத்துநீர் இல்லை. வெந்நீரில் குளித்து விபூதி பூசினேன். வாசுகி கூட்டத்துக்குப் போய்விட்டாள்.

எனக்குப் பலகை வாசிக்க வராது. கல்லும் கதவும்தான் அடையாளம். யாளி போல வாய் பிளந்த தண்ணீர்ப் பீலி. அங்கிருந்து கிணறு. கிணற்றடியால் இடப்பக்கம், மூன்றாவது கதவு. ஒரு இடத்திலும் பிசகவில்லை. ஊரில் யார் வீட்டு ஆடு எந்த மாதம் குட்டி போட்டதென்று இன்றும் சொல்வேன். என் ஞாபகத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

வான் நின்றது கிணற்றுக்கு அப்பால், நிலவறைக்கு மறைவில். அப்படித்தான் இத்தனை வருஷமும் ஞாபகம்.

ஏறும்போது சுவரிலிருந்த இரும்பு வளையத்தைப் பிடித்தேன். முற்காலத்தில் குதிரை கட்டினதாக இருக்கும். குளிரில் உள்ளங்கைத் தோல் ஒட்டி உரிந்தது. கிணற்றுக்கு அப்பால் முழுக்கத் தேடினேன். வளையம் இல்லை. திரும்பி வந்தேன். நிலவறைக்கு நேர் எதிர்ச் சுவரில் இருந்தது. தெரு முழுக்க அந்த ஒரு வளையம்தான்.

நிலவறை இப்போது சூப் கடை. யன்னலடி மேசையில் இருந்தேன். வளையத்தின் கீழே ஒரு பொம்பிளையின் சப்பாத்து வந்து நின்றது. முடிச்சுக்கூடத் தெரிந்தது.

சூப் ஆறிவிட்டது. கடைக்காரப் பெடியன் வந்து ஏதோ கேட்டான். தலையாட்டினேன்.

ஏப்ரல் 15, புதன்

மழை. வெளியே போகவில்லை. "குணம் மாமாவுக்கு என்ன வாங்குவம்?" என்று வாசுகி கேட்டாள். மாத்திரை போட மறந்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி. மொன்றியல்

கு.வுக்கு, வராதே என்று சொல்ல இருமுறை போனை எடுத்தேன். சொல்லவில்லை. வழக்கமான நேரத்துக்கு வந்தான்.

"என்னண்ணை, இடத்தைப் பார்த்தியளோ?"

"பார்த்தன். சூப் கடை போட்டிருக்கிறாங்கள். யன்னலடியிலை இருந்தனான்."

அடுத்த சந்தியில் காரைத் திருப்பினான். பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே:

"அந்த வளையம் இன்னும் இருக்கோ?"

வளையத்தைப் பற்றி நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"இருக்கு. என்னைப் பொலிஸ் பிடிக்கேல்லை, குணம்."

"தெரியும். காய்ச்சலோடை யன்னலுக்குக் கிட்டத்தான் கிடந்தனான். என்ரை சப்பாத்தை எனக்குத் தெரியாதோ?"

"ஏன் ஒருக்காலும் கேக்கேல்லை?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லியிருப்பியள். பேந்து என்னெண்டு உங்களைக் கோயிலுக்கு ஏத்துறது? முதல் மூண்டு வருஷம் நாளாந்தம் உங்களைத் திட்டினனான் அண்ணை. தூசணத்திலை. பிறகு வாய் நொந்து போச்சு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "கோயில் வந்திட்டுது, இறங்குங்கோ" என்றான்.

பூசையில் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. வெளியே வந்தபோது வாங்கில் இருந்து காலுறை போட்டுக்கொண்டிருந்தான். இன்று அந்தக் காலைப் பார்த்தேன். தழும்பு வெள்ளையாக, மினுங்கலாக இருக்கிறது. நான் பார்ப்பதை அவனும் கண்டான், காலை இழுக்கவில்லை.

பிறகு நொண்டி நொண்டிச் சப்பாத்துத் தட்டடிக்குப் போய் என் சப்பாத்தை எடுத்து வந்து முன்னால் வைத்தான். சனம் நிறைய.

"வடிவாப் பாருங்கோ அண்ணை. உங்கடைதானே?" உரக்கத்தான் கேட்டான்.

"ஓம், என்ரைதான்" என்றேன். குனிந்து லேஸ் கட்டினேன். முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது. அவன் காத்துக்கொண்டு நின்றான்.