தோல் உள்ளே ஆகாது

என் அன்பு அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். கரண்ட் இல்லை. சார்ஜ் விளக்கைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தமிழில் எழுதும்போது பயம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. தெருவில் நிறுத்திப் பையைச் சோதிக்கிற சிப்பாய்களுக்கு இதைப் படிக்கத் தெரியாது. சேகர் அண்ணனுக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. கோயில் தமிழ் வகுப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தீர்களே, அது இதற்கு உதவும் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள்.

ஒருநாள் வேறு யாராவது இதைப் படிக்கலாம். படிக்கட்டும். அதனால்தான் நம் பெயர்களை எழுதவில்லை. சேகர் என்பதும் அவருடைய பெயர் அல்ல.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு கோயில் வாசலில் செருப்பு வாங்கி வைக்கிற இடத்தை அம்மாவுக்கே கொடுத்துவிட்டார்கள். பக்கத்திலேயே பூவும் விற்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் வந்து செருப்புப் பலகையில் உட்காருகிறேன். தகர டோக்கன்கள் அதே பழையவைதான். உங்கள் எழுத்தில் இருக்கிற அறிவிப்புப் பலகையும் அப்படியே தொங்குகிறது. தமிழிலும் பர்மியத்திலும் 'தோல் பொருட்களை இங்கே விட்டுச் செல்லவும்'.

நீங்கள் வாயாலும் சொல்வீர்கள். 'அய்யா, தோல் உள்ளே ஆகாது' என்று, முகத்தைப் பார்க்காமல், காலைப் பார்த்துக்கொண்டே. ஒரு பெரிய மனிதர் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் பேண்டைப் பிடித்துக்கொண்டு பிரகாரம் சுற்றினாரே. நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருடைய ஷூவைத் துடைத்தீர்கள். செத்த மாட்டின் வாசம் அம்மனுக்கு ஆகாது என்றுதான் எனக்குக் காரணம் சொன்னீர்கள்.

சேகர் அண்ணனை உங்களுக்குத் தெரியும். க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் போகிற வழியில் போன் கடை வைத்திருந்தார். உங்களுக்கு டீ வாங்கித் தந்துவிட்டு அரசியல் பேசுவார். இப்போது கடை இல்லை. ராணுவத்துக்கு வேண்டிய வார்டு ஆபீஸ்காரர்களோடு சுற்றுகிறார். அவர் மாதிரி ஆட்களுக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் தருகிறார்கள். கடைத்தெருவிலும் டீக்கடையிலும் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம். டீக்கடையில் உட்காரும்போது போன், சிகரெட், பிறகு அது என்று மேஜைமேல் வரிசையாக வைப்பாராம். அவர் வந்துவிட்டால் இரண்டாவது டீ யாரும் கேட்பதில்லை என்று கடைக்கார அண்ணன் அம்மாவிடம் சொன்னார்.

தப்பு என்னுடையதுதான், அப்பா. மழை தொடங்கிய சமயம் ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல கூட்டம். நான் காலையும் செருப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சட்டைக்குக் கீழே பெல்ட்டின் நுனி தெரிந்தது. நிமிராமலே சொல்லிவிட்டேன்.

"அண்ணே, தோல் உள்ளே ஆகாது."

சிரிப்புச் சத்தம் கேட்டது. "அப்படியே அப்பன் குரல்" என்றார் சேகர் அண்ணன். பெல்ட்டை அவிழ்த்து என் முன்னால் வைத்தார். அதில் உறையோடு அதுவும் இருந்தது. "பத்திரமாப் பாத்துக்க பாப்பா. கடிக்காது."

நான் டோக்கன் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான் நடந்தது. ஒருநாள் அவரே சொன்னார், லைசென்ஸ் இல்லாதவர் கையில் இது இருந்தால் ஜெயில் என்று. சொல்லிக்கொண்டே என் கையில் கொடுத்தார். அது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கலாம். எடுத்துப் பார்த்தால் ரொம்ப கனமில்லை. மழைக்கால ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி அதைவிடக் கனம். கீழ்த் தட்டில், யாரும் திரும்ப வந்து கேட்காத செருப்புகளுக்குப் பின்னால் வைப்பேன். பிறகு கையைக் கழுவுவேன்.

விஷயம் பரவிவிட்டது. அவரைப் போன்றவர்களைத் தேடி யாரோ வந்து சுட்டுவிட்டுப் போவதும் ஊரில் நடக்கிறது. அதனால் ஆட்கள் என் பக்கம் நிற்கப் பயந்து, செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டு உள்ளேயே எடுத்துப் போக ஆரம்பித்தார்கள். யாரும் என்னிடம் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமைதான் பெரிய விஷயம் நடந்தது. தீபாராதனை சமயத்தில் அவருக்குப் போன் வந்திருக்கிறது. பின்வாசலில் கார் வந்து அவரை அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வாசலுக்கு அவர் வரவே இல்லை. கூட்டம் கலைந்தது. பலகையில் அவருடைய செருப்பும் அந்தப் பெல்ட்டும் மட்டும் மிச்சம். தர்மகர்த்தா ஐயாவும் குருக்களும் அம்மாவும் அதைச் சுற்றி நின்றார்கள்.

"நாங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வச்சிருந்து குடுத்துடட்டுமா?" என்றாள் அம்மா.

"வழியில சோதிச்சா? அவன் இடுப்புல இருந்தா லைசென்ஸ். உன் கூடைல இருந்தா கேஸு" என்றார் ஐயா.

"அப்ப இங்கயே பூட்டி வச்சுடுங்க."

"ராத்திரி வந்து பாத்தாங்கன்னா கோயில்ல ஆயுதம்னு சொல்லி கோயிலையே இழுத்து மூடிடுவாங்க, தாயி."

"அம்மன் பாத்துக்குவா" என்றார் குருக்கள்.

"பாத்துக்குவா சாமி. சோதிக்க வர்றவன் அம்மனையா கேப்பான்? என்னைய இல்ல கேப்பான்!"

ஐயா திரும்பத் திரும்பப் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. ஊரடங்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை. எங்கள் வாசலில் இருந்த பொருள் எங்களைக் கட்டிப் போட்டிருந்தது. அம்மா பூக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். நான் பழைய செருப்புகளை எடுத்து அதன்மேல் அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் சேகர் அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தார், வெறுங்காலோடு.

"பொண்டாட்டிய விட்டுட்டுப் போயிட்டேன் பாரு" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"டோக்கன்?"

யோசித்துச் சொல்லவில்லை, அப்பா. டோக்கன் இல்லாமல் ஒற்றைச் செருப்பைக்கூட நீங்கள் கொடுத்ததில்லை. அது அப்படியே வாயில் வந்துவிட்டது.

அம்மா ஓடிவந்தாள். "சின்னப் புள்ள, தெரியாமக் கேட்டுட்டா தம்பி."

"கேக்கட்டும்கா. அவங்கப்பா வளர்ப்பு" என்றார். பைகளைத் துழாவிப் பார்த்தார். டோக்கன் இல்லை. பிறகு தானே குனிந்து செருப்புகளைத் தள்ளி அதை எடுத்தார். அடியிலிருந்து குண்டுகள் இருக்கிற பகுதியை உருவி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மாறியது.

"ஒன்னு குறையுதே."

அம்மா இரண்டு கையையும் கூப்பினாள். அம்மனைக் கும்பிடுவது போலவே கூப்பினாள். அவளுடைய விரல்களில் பூ நார் ஒட்டியிருந்தது. ஐயா தரையைப் பார்த்தார். நான் எதையும் தொடவில்லை என்று சொல்ல நினைத்தேன்.

"சும்மாக்கா! சும்மா சொன்னேன்!" என்று சிரித்து, அம்மாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார். நாங்களும் சிரித்தோம். ஐயாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவின் கை கூப்பினபடியே இருந்தது போல எனக்குத் தோன்றியது. ஆனால் அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

இதற்கு மேல் தாங்காது என்று கமிட்டி கூடியது. துப்பாக்கி வேண்டாம் என்று சொல்ல யாரும் தயாராக இல்லை. அதனால் தோலுக்கு வழி செய்தார்கள். கான்வாஸ் துணியில் பெல்ட்டும் உறையும் வாங்கி, தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு வைத்து, கோயில் மரியாதை என்று அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவருக்கு ரொம்ப சந்தோஷமாம்.

இன்று வெள்ளிக்கிழமை. புதுப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். செருப்பை மட்டும் என்னிடம் விட்டார். சட்டையைத் தூக்கிக் காட்டி, "துணிதான் பாப்பா. செக் பண்ணிக்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா பெருமூச்சு விட்டாள். எங்கள் கையில் இனிமேல் ஒன்றும் இல்லை. சட்டமும் அவரைத் தடுக்காது, உங்கள் அறிவிப்புப் பலகையும் தடுக்காது.

நான் எட்டிப் பார்த்தேன். தீர்த்தம் வாங்குகிற வரிசையில் அவர் நின்றார். அவருக்குப் பின்னால் என் தமிழ் வகுப்பில் படிக்கிற குட்டிப் பெண், கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு. அவள் முகமும் அந்த உறையும் ஒரே உயரத்தில் இருந்தன. தீர்த்தத்துக்காக அவர் குனிந்தபோது அது அவள் பக்கம் திரும்பியது. அவள் விரலை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய அம்மா சட்டென்று கையைப் பிடித்து இழுத்தாள். குருக்கள் அடுத்த ஆளுக்குத் தீர்த்தம் கொடுத்தார்.

செத்த மாட்டின் வாசம் ஆகாது என்றீர்களே, அப்பா. சாகடிக்கிற பொருளுக்கு வாசம் ஏதாவது உண்டா? அம்மன் கையிலும் சூலம் இருக்கிறது என்கிறார் குருக்கள். இருக்கிறது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு அவள் டீக்கடைக்கு வந்ததில்லையே.

தீமிதித் திருவிழா வரப்போகிறது. மாவ்பி, ஷ்வேப்யிதா ஊர்களிலிருந்து லைன்கார் பஸ்களில் ஆட்கள் வருவார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் கூட்டத்திலும் அவர் வருவார். அம்மாவிடம் இதைப் பேசினேன். "வாய மூடு. உனக்கு ஒன்னுன்னா நான் எங்க போவேன்?" என்றாள். அவள் சொல்வது தப்பில்லை. எனக்கும் அதே பயம்தான். இப்போதும் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

ஆனாலும் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். முகத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். காலைப் பார்த்தால் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். சேகர் அண்ணனின் இடது பெருவிரல் நகம் கறுத்திருக்கிறது. போன் கடையின் இரும்பு ஷட்டர் விழுந்து அடிபட்டது. நீங்கள்தான் அதற்கு மஞ்சள் வைத்துக் கட்டினீர்கள்.

திருவிழாவுக்கு முந்தைய வெள்ளி அவர் செருப்பைக் கழற்றும்போது நான் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். தோலைப் பற்றிப் பேசமாட்டேன். "அண்ணே, உள்ள பிள்ளைங்க இருக்காங்க. அதை வீட்டுல வச்சுட்டு வாங்க." அவ்வளவுதான் சொல்வேன். குரல் நடுங்கினாலும் நடுவில் நிறுத்தமாட்டேன். அவர் என்ன பதில் சொல்வார் என்று தெரியவில்லை. ஆனால் கேட்டுவிடுவேன், அப்பா. இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் பலகையில் உட்கார்ந்திருக்கும்
உங்கள் மகள்