பதினோரு பேர் கேட்காத கேள்வி

மேடம், இன்று காலை என் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். ஸ்டாம்பு பேடின் மை வாசனை குப்பென்று வந்தது. உங்கள் நூலகம் அப்படியே கண்முன் நின்றது. என் மேஜை என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? ஆமாம், வேலை கிடைத்துவிட்டது! அரசு அலுவலகம், இளநிலை உதவியாளர், இன்று முதல் நாள். உங்களிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் மதியச் சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

புத்தகம் தேடியா நான் உங்களிடம் வந்தேன்? செல்போனுக்குச் சார்ஜ் போட வந்தவள் நான். காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை முடிந்து திருவொற்றியூர் திரும்பிய மாலை அது. தேர்வு அறிவிப்பைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் எழுதலாமா என்று நெட்டில் ஒரு குழுவில் கேட்டிருந்தேன். பதில்களைப் பார்த்துப் பார்த்தே போன் செத்துவிட்டது. வழியில் கதவு திறந்திருந்தது உங்கள் நூலகத்தில்தான்.

பிளக்கைக் காட்டிவிட்டு, "சார்ஜ் ஏறுற வரைக்கும் ஏதாவது படிங்கக்கா" என்றீர்கள். என்னைவிட நாலைந்து வயது சின்னவர் நீங்கள்.

"படிச்சி இன்னா ஆவப் போவுது மேடம்? பரீட்சை எழுதலாம்னு பாத்தேன். வயசு தாண்டிடுச்சாம்."

"யார் சொன்னது?"

"நெட்டுல. பதினோரு பேரு. ஒருத்தன் சிரிப்பு பொம்மை வேற போட்டுகீறான்."

"அதுல யாராவது உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

இல்லை. ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் கோப்பிலிருந்து அறிவிப்பை எடுத்து வரி வரியாக விரலை ஓட்டினீர்கள். ஓரிடத்தில் விரல் நின்றது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள். "அக்கா, வீட்டுக்காரர் என்ன வேலை செய்றார்?"

"ஹார்பர்ல லோடிங் பாத்துகினு இருந்தாரு. பூட்டாரு மேடம். நாலு வருசம் ஆவுது."

ஊர் பேர் தெரியாத அத்தனை பேர் நடுவே இதை எப்படி எழுதுவேன்? நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். ஆதரவற்ற விதவைகளுக்கு வயது வரம்பில் தளர்வு என்று இருந்தது. "அய்யோ, என் வயசும் இதுல வருது!" என்று நான் போட்ட சத்தத்தில், பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அமைதி காக்கவும் என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்று நீங்களும் சிரித்தீர்கள்!

ஆதரவற்ற விதவைச் சான்றிதழுக்குப் போட்ட மனு, வீட்டுக்காரர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று திரும்பி வந்தது. சோர்ந்து உட்கார்ந்த என்னை, உங்கள் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையில் நீங்களே தாலுகா அலுவலகத்துக்கு அழைத்துப் போனீர்கள். கடைசித் தேதிக்கு முன் சான்றிதழ் கைக்கு வந்தது. பிறகு தினமும் மாலை உங்களிடம்தான் படிப்பு. கையில் இறால் வாடை அடிக்கிறதே என்று புத்தகத்தைத் தொடத் தயங்கினால், "பின்னாடி குழாய் இருக்கு, சோப்பும் இருக்கு" என்பீர்கள், அவ்வளவுதான். நெட்டை நீங்கள் குறை சொல்லி நான் கேட்டதில்லை. மாதிரி வினாத்தாள்களை அதிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தீர்கள். "தாராளமா அதுல கேளுங்க. ஆனா கேள்வியில உங்களை விட்டுடாதீங்க."

தேர்வு முடிந்த பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாளில் போய்விட்டீர்கள், மேடம். முடிவு வந்த அன்று, போனில் என் தேர்வு எண்ணைப் பார்த்ததும் செருப்பு மாட்டாமல் நூலகத்துக்கு ஓடினேன். மார்க்கெட் தாண்டும்போதுதான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நடுரோட்டில் நின்று அழுதேன். சிரிப்பும் வந்தது. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

இன்று பதினொரு மணிக்கு ஒருவர் போனை நீட்டியபடி வந்தார். எர்ணாவூரில் லாரி ஓட்டுகிறவர். "வருமானச் சான்றிதழ் இங்கதான் மனு தரணும்னு போட்டுகீது, கரெக்டாம்மா?"

ஆமாம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "உக்காருங்கண்ணே. யாருக்கு? எதுக்கு?"

"பொண்ணுக்கும்மா. நர்சிங் சேரப் போவுது."

"உங்க வூட்ல இதுக்கு முன்னாடி யாராவது காலேஜ் படிச்சிருக்காங்களா?"

"யாரும் இல்லம்மா. இவதான் மொத ஆளு."

அப்படியானால் முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழும் வாங்கலாம், கட்டணச் சலுகைக்கு உதவும் என்றேன். "அப்டி ஒண்ணு கீதா?" என்று நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார். மனு எழுத அவருக்குக் கை ஓடவில்லை, பக்கத்தில் இருந்து எழுதவைத்தேன். ஒரு சான்றிதழுக்கு வந்தவர் இரண்டுக்கும் மனு கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து இருக்கைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும்.

பதில் சொல்வதற்கு முன்னால் ஆளை விசாரிக்கும் இந்தப் பழக்கம் உங்களிடமிருந்து தொற்றியது, மேடம். இனி விடாது. கல்லூரியில் இடம் கிடைத்ததும் மகளையே கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார் அந்த அண்ணன்.