மூன்று வாரத்துக்கு உன் அறை

அன்பு மகள் தினேஸ்வரிக்கு,

ஊரே தூங்கும் இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள் அம்மா, பகலெல்லாம் அலைச்சல், வீட்டுக்கு வந்தால் சமையல், இப்போதுதான் மேசையும் மனசும் கொஞ்சம் காலியானது. நானும் அப்பாவும் சுகம்தான், அப்பாவின் முட்டிவலி மட்டும் மழைக்கு மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அந்த மலைப்பக்கத்தில் நீ காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் இருவருக்கும் விசாரம். பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டி இன்னமும் உன்னை டாக்டர் என்றுதான் விசாரிக்கிறாள், மருந்தாளர் என்று நானும் எத்தனை முறை சொல்வது, இப்போதெல்லாம் விட்டுவிட்டேன். விடிந்ததும் இந்தத் தாள்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவேன். போனில் பேசலாமே என்பாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே, ஓகேமா, வார்டுக்குப் போகணும்மா, என்று முடித்துவிடுகிறாய். எழுதினால் முடிப்பது என் கையில் இருக்கிறது.

விஷயம் உன் பிரமிளா அத்தையைப் பற்றியது. அவளுக்கு மார்பில் கட்டி என்பதே எனக்கும் அப்பாவுக்கும் போன சனிக்கிழமைதான் தெரியும். உனக்கு ஒரு மாதமாகத் தெரியுமாம். வருகிற வியாழக்கிழமை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் என்று முடிவான பிறகு, சொந்த அண்ணனுக்கு, ஏதோ கோயில் திருவிழாவுக்குத் தேதி சொல்வதுபோலப் போனில் சொன்னாள். அப்பா உடனே கார்ச் சாவியைத் தேடினார். நான் சண்டை போடும் எண்ணத்தோடுதான் காரில் ஏறினேன், ஒளிப்பானேன். சித்தியவானுக்குப் போய்ச் சேர்ந்து, ரப்பர் மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்த பிறகும் அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற அந்தத் தோட்டத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் முந்திக்கொண்டாள். தினாகிட்ட எல்லாம் கேட்டுட்டேன் அண்ணி, அவ பெரிய பெரிய டாக்டருங்ககூட உக்காந்து கேன்சர் வைத்தியம் எழுதுற ஆளுலா, மார்ப முழுசா எடுத்துறதுதான் நல்லதுன்னுட்டா, நீங்க பயப்படாதீங்க, என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள். நோய் அவளுக்கு, ஆறுதல் எனக்கு, மகள் என்னுடையவள், தகவல் அவளிடமிருந்து. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

பொறாமை என்கிறாயா, பொறாமைதான். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றுவிட்டு நான் கல்லூரிக்குப் போன அந்த இரண்டு வருடமும் நீ அவள் இடுப்பில்தான் இருந்தாய். ஒரு சனிக்கிழமை நான் வந்து கை நீட்டியபோது, இவங்க யாரு அத்தை, என்று நீ கேட்டாயாம், அதை இன்றைக்கும் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். நானும் கூடவே சிரிக்க வேண்டியிருக்கிறது. நீ சபாவுக்குப் போன பிறகாவது நாங்கள் இருவரும் உனக்கு ஒரே தூரத்தில் இருப்போம் என்று நினைத்தேன். இல்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிடம், அவளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள். அன்றைக்கும் நீ வாங்கிக் கொடுத்த நீலப் போர்வையை எனக்கு எதிரில் இரண்டு முறை மடித்து வைத்தாள், ஒருமுறை மடித்தால் போதாதா.

சரி, அதை விடு. உங்கள் ஆஸ்பத்திரிக் குழு எழுதுகிற வழிகாட்டியின் வரைவை நீ எனக்கும் அனுப்பியிருந்தாயே, அதை நான் உட்கார்ந்து படித்தேன், புரியாத இடத்தில் அகராதியும் பார்த்தேன், நானும் பட்டம் வாங்கியவள்தான். பெரிய நகரத்துக்காக எழுதின வைத்திய முறையை, கதிர்வீச்சு இயந்திரமும் புற்றுநோய் நிபுணரும் இல்லாத மலை ஊருக்கு எப்படித் தக்கபடி மாற்றுவது என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள். கட்டியை மட்டும் எடுத்தால் பிறகு கதிர்வீச்சு கட்டாயம், அதற்கு நோயாளியால் தினமும் போய்வர முடியாது என்றால் பாதியில் நின்றுவிடுவாள், அதைவிட முழு மார்பையும் எடுத்துவிடுவது உயிருக்குப் பாதுகாப்பு. படித்தபோது பெருமையாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். அங்கே கெர்ட்ரூட் என்கிற ஓர் அம்மாவைக் கதிர்வீச்சுக்குக் கோத்தா கினபாலு நகரத்துக்கு அனுப்ப ஒரு வேனுக்காக எத்தனை பேரிடம் கெஞ்சினாய், அவருக்குத் தங்க இடம் தேடித் தேவாலயம் வரைக்கும் போனாய் என்று நீ சொன்னபோதும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதே முறையைத்தான் நீ அத்தைக்கும் சொல்லியிருக்கிறாய் என்று தெரிந்த சனிக்கிழமையிலிருந்து ஒரே கேள்விதான் எனக்கு. முன்பின் தெரியாத அந்த அம்மாவுக்கு வேன் தேடினவளுக்கு, இங்கே உன் அப்பாவிடம் ஒரு கார் நிற்பது ஏன் ஞாபகம் வரவில்லை? ஈப்போ பக்கத்திலேயே, ஜெலாப்பாங்கில் நம் வீட்டில் உன் அறை பூட்டிக் கிடப்பது ஏன் ஞாபகம் வரவில்லை? உங்கள் வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே, அந்த இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று போட்டிருக்கிறதே. சித்தியவானில் என்ன இருக்கிறது என்று அத்தையைக் கேட்டிருப்பாய். துணைக்கு யாரும் இல்லை என்று அவள் சொல்லியிருப்பாள், அண்ணன் வீட்டுக்குப் பாரமாகக் கூடாது என்று நினைப்பவள் வேறென்ன சொல்வாள். நீ என்னைக் கேட்கவில்லை. இயந்திரம் உண்டா, சாலை உண்டா, பஸ் உண்டா என்று எல்லாவற்றையும் எண்ணிவிட்டு அம்மாவை இல்லாத பட்டியலில் சேர்த்துவிட்டாய்.

கோபத்தில் எழுதவில்லை. நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறாய், நானும் அத்தையும் ஒரு அடுப்படியில் ஒரு வேளை சேர்ந்து சமைத்து நீ பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் ஒன்று சொன்னாள். டாக்டரு மொதல்ல, கட்டிய மட்டும் எடுத்துட்டு மத்தத வச்சுக்கலாம்மான்னுதான் சொன்னாங்க அண்ணி, அன்னிக்குப் பஸ்ஸுல வரும்போது கொஞ்ச நேரம் சந்தோசமா இருந்துச்சு, என்றாள். அப்புறம் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். நாற்பத்தைந்து வயது, கேட்க ஆளில்லாத உடம்புதானே என்று அவளே நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. எனக்கு அந்த இடத்தில் வாய் நிற்கவில்லை. கதிர்வீச்சுக்கு எங்க வீட்டுல வந்து தங்கு, நான் கூட்டிட்டுப் போறேன், என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. ஒங்க வீட்டுலயா, மூணு வாரமா, மூணாம் நாளே சட்டி பானை பறக்கும் அண்ணி, அண்ணன் பாவம்லா, என்கிறாள். அப்பா வேறு, ரெண்டு பேரும் பேசி முடிங்க, நான் ஸ்டேரிங் மட்டும் புடிக்கிறேன், என்று வெளியே போய் நின்றுகொண்டார். திரும்பி வரும் வழியில், நீ கூப்பிட்டதுல அவளுக்கு நம்பிக்கை வரலை, எனக்கே வரலை, என்றார். இந்த வீட்டில் என் பெயர் அப்படி இருக்கிறது.

இன்று இரத்தப் பரிசோதனைக்கு அவள் ஈப்போவுக்கு வந்தாள். நான் பாலர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, அவள் வேண்டாம் வேண்டாம் என்றாலும், டாக்டரம்மாவின் அறைக்குள் கூடவே போனேன். கட்டி சின்னது, கதிர்வீச்சை விடாமல் முழுசாக எடுத்து முடித்தால் இரண்டு வழியிலும் உயிருக்கு ஒரே பாதுகாப்புதான் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். புண் ஆறிய பிறகு மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், கதிர்வீச்சு கொடுக்கிற இடம் நம் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட இல்லை. மனதை மாற்றிக்கொள்வதென்றால் புதன்கிழமைக்குள் அவளே சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது. சொல்லுடி என்று நான் அவள் முழங்கையை இடித்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, தினா சொன்னதே இருக்கட்டும் டாக்டர், என்கிறாள். வெளியே வந்து நான் கத்தியதில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மெதுவாகச் சொன்னாள், தினா ஒரு வார்த்தை சொன்னா வாரேன் அண்ணி, என்று. பக்கத்தில் லீவு போட்டு நிற்கிறவள் நான், நம்பிக்கை கடல் தாண்டி இருக்கிற உன்மேல். வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது. ஆனாலும் அவளைச் சித்தியவான் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் உன் அறையைத்தான் திறந்தேன். உன் புத்தகப் பெட்டிகளை அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன், மெத்தையை நாளை வெயிலில் போட வேண்டும். உன் அறையில் அவள் படுப்பாள் என்று நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது, இருந்தாலும் படுக்கட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது அவள் இஷ்டம். முழுசாக எடுப்பதுதான் நிம்மதி என்று அவள் நினைத்தால் அதற்கும் நான்தான் ஆஸ்பத்திரியில் கூட இருப்பேன். போக்குவரத்து இல்லை, தங்க இடம் இல்லை, ஆள் இல்லை என்கிற காரணத்துக்காக மட்டும் அவள் அதைச் செய்யக் கூடாது, ஏனென்றால் அது மூன்றும் பொய். நான் சொன்னால் ஏறவில்லை, நீ சொன்னால் ஏறும். அவளிடம் உன் கணக்கை மறுபடியும் போட்டுச் சொல், இந்தத் தடவை என்னையும் சேர்த்துப் போடு.

உனக்கு எந்தக் குறையும் வராமல் அம்மன் துணையிருக்கட்டும், உன் கை பட்ட மருந்து எல்லாருக்கும் பலிக்கட்டும். மலை ரோட்டில் மழை நேரம் வண்டி ஓட்டாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, அப்பாவுக்கும் தனியாக ஒரு வார்த்தை எழுது, அவர் கேட்கமாட்டார் ஆனால் எதிர்பார்ப்பார்.

நாளைக்குள் அத்தையைக் கூப்பிட்டுப் பேசு. பேசிவிட்டு எனக்கும் பதில் எழுது, இரண்டு வரியானாலும் போதும், சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
ஜெலாப்பாங்கிலிருந்து உன் அம்மா