அழிக்கக் கொடுத்த படம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவுக்கு முதுகுவலி தேவலையா? அடுத்த மாதத் தொடக்கத்தில் என் ஓவியக் கண்காட்சி. அம்மா வைத்தியத்துக்காகத் தரையில் வரைவாளே, அந்தச் செம்மண் படங்களை வைத்தே எல்லாம் தீட்டியிருக்கிறேன். நம் முன்னோர் வைத்தியத்தைப் பற்றி ஊரே பேசப்போகிறது, பார். அழைப்பிதழ் இத்துடன். நீ வந்தே ஆகணும்.

உன் தம்பி

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

மாமாவுக்கு வேலைக்குக் கிளம்பும்போது மட்டும்தான் முதுகு வலிக்கிறது, மற்றபடி சௌக்கியம். உன் அழைப்பிதழைத் தையல் கடையில் எல்லாரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அப்புறம்தான் அட்டைப் படத்தை நிதானமாகப் பார்த்தேன். வயிற்றில் வெறும் வட்டத்தோடு ஒருத்தி படுத்திருக்கிறாள்.

அது நான்தானேடா? பிள்ளை வயிற்றிலேயே போனபோது அம்மா எனக்காக வரைந்தது. நோயாளியே தன் கையால் அழிக்கணும், அப்போதுதான் வலி போகும் என்பாளே. அழுதுகொண்டே அழித்தேன். நீ கதவோரம் நின்று பார்த்தாய். மற்றதையெல்லாம் தாராளமாக மாட்டு. அதை மட்டும் எடுத்துவிடு, கண்ணா.

உன் அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பெயரை எங்கேயும் போடவில்லையே, பிறகென்ன? எல்லாரும் நின்று பார்க்கப்போவது அந்தப் படத்தைத்தான். அதை எடுத்தால் கண்காட்சியே சப்பென்று ஆகிவிடும். சின்ன விஷயத்தைப் பெரிதாக்காதே. நேரில் வந்து பார், மனசு மாறும்.

உன் தம்பி

மார்ச் 5

தம்பிக்கு,

வந்தேன். மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. சுவர் முழுக்க நான் படுத்திருந்தேன். முன்னால் ஒரு கூட்டம், நடுவில் புதுச் சட்டையில் நீ. "பிள்ளையைப் பறிகொடுத்த எங்க ஜனத்துப் பொண்ணு இவ" என்று விளக்கிக்கொண்டிருந்தாய்.

வயசான அம்மா ஒருத்தர், "ஐயோ பாவம், அந்தப் பொண்ணு இப்ப எங்கே?" என்று கேட்டார்.

"இல்லைங்க, அவ எப்பவோ போய்ச் சேர்ந்துட்டா" என்றாய்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். வாய் திறந்தாய். திருத்தப்போகிறான் என்று நினைத்தேன். நீ எல்லாரையும் அடுத்த படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய்.

அழித்துவிடலாம் என்று கிட்டே போனேன். மேலே கண்ணாடி. "தொடாதீங்கம்மா" என்றார் காவலுக்கு நின்றவர். அவர் பேரில் தப்பில்லை.

வீட்டுக்கு வந்துதான் அழுதேன். இந்த வலிக்கு வரைய அம்மாவும் இல்லை.

இனிமேல் எழுதாதே. போய்ச் சேர்ந்தவளுக்கு வரும் கடிதத்தை இங்கே பிரித்துப் படிக்க ஆளில்லை.